கல்யாணமாகி ஆறு வருடம், சேர்ந்திருந்தது ஆறு மாதம்

திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் நடுவே இருக்கும் கூத்தாநல்லூருக்குச் சுற்றுவட்டாரத்தில் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று இன்னொரு பெயர் உண்டு. ஊரைச் சுற்றி வயல், ஊருக்குள் வரிசையாக மாடி வீடுகள். அந்த மாடிகளைக் கட்டியது பெரும்பாலும் சபுராளிகளின், அதாவது கடல் தாண்டிப் போய்ப் பிழைக்கிறவர்களின், சம்பாத்தியம். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிப் போனவர்களின் பேரன்மார் இன்று துபாயிலும் தோஹாவிலும் ரியாத்திலும் குவைத்திலும் இருக்கிறார்கள். பொதக்குடி, அடியக்கமங்கலம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று டெல்டாவின் பல ஊர்களுக்கும் இதே கதைதான். சமையல்காரர், ஓட்டுநர், கடைச் சிப்பந்தி, வெல்டர், கணக்கர் என வேலை எதுவானாலும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: இரண்டு வருடம் உழைப்பு, இரண்டு மாதம் லீவு. கல்யாணம் ஒரு லீவில் நடக்கும். அந்த லீவு முடிந்ததும் மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவார். பெண்ணிடம் மூன்றாம் மாதத்திலிருந்தே கேள்வி ஆரம்பித்துவிடும்: “ஏதும் விசேஷம் உண்டா?”

குழந்தைப்பேறும் வாழ்க்கைமுறையும் என்று பேச்செடுத்தால் உடனே உணவு, உடல் எடை, தூக்கம், மனக்கவலை என்று பட்டியல் போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டியல் பொய்யில்லை; அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் இந்த வட்டாரத்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் மொத்தம் எத்தனை மாதம் இருந்திருக்கிறார்கள்? பிழைப்புக்காகப் பிரிந்து வாழ்வதும் ஒரு வாழ்க்கைமுறைதான். கருத்தரிப்பின் மீது அதற்கு இருக்கும் பிடி எண்ணெய்ப் பண்டத்துக்கும் பரோட்டாவுக்கும் இருப்பதைவிடப் பெரியது. அப்படியிருந்தும் சொந்தக்காரர்களின் விசாரிப்பில் அந்தக் கேள்வி வருவதேயில்லை. கல்யாணத் தேதியிலிருந்து வருடத்தை எண்ணிக்கொண்டு போகிறோம். எண்ணிய வருடங்களின் பாரத்தைப் பெண்ணின் தலையில் இறக்கி வைக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் குழந்தையின்மையை எப்படி வரையறுக்கிறது என்று பாருங்கள். கருத்தடை எதுவும் இல்லாமல், தொடர்ந்து 12 மாதமோ அதற்கு மேலோ உறவு கொண்டும் கரு தங்காத நிலை. இதில் ‘தொடர்ந்து’ என்பதுதான் முக்கியமான நிபந்தனை. உடல்நலக் குறை எதுவும் இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் கரு தங்கும் வாய்ப்பு தோராயமாக 20 முதல் 25 சதவீதம்தான். சேர்ந்தே வாழ்கிறவர்களில் நூற்றுக்கு 85 ஜோடிக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடுவது இந்தச் சிறு வாய்ப்பு மாதாமாதம் திரும்பத் திரும்பக் கிடைப்பதால். இப்போது சபுராளியின் கணக்கைப் போடுவோம். கல்யாணத்தின்போது இரண்டு மாதம், இரண்டு வருடம் கழித்து ஒரு லீவு, பிறகு இன்னொரு லீவு. ஆறாவது வருடம் நிறையும்போது சேர்ந்திருந்தது மொத்தம் ஆறு மாதம். ஒவ்வொரு சுழற்சிக்கும் 20 சதவீதம் என்று வைத்தால், இருவருக்கும் எந்தக் குறையும் இல்லாத நிலையிலேயே நான்கில் ஒரு ஜோடிக்கு இந்த ஆறு மாதத்தில் கரு தங்காது. ஊர் கண்ணுக்கு அவர்கள் ஆறு வருடமாகக் குழந்தை இல்லாதவர்கள். மருத்துவ வரையறையில் அவர்கள் பாதி வருடம் மட்டுமே முயன்றவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் எத்தனை பெண்கள் எத்தனை சொல்லைக் கேட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அந்த ஆறு மாதம்கூட முழு ஆறு மாதம் இல்லை. சினைமுட்டை வெளிவந்தபின் 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். ஆணின் உயிரணுக்கள் பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே ஒரு சுழற்சியில் கரு தங்கக்கூடிய காலம் முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் சேர்ந்த ஆறு நாள் மட்டுமே. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதி செய்தது. முட்டை வெளிவந்த மறுநாளிலிருந்து எத்தனை முயன்றும் அந்தச் சுழற்சியில் பயனில்லை. அந்த நாளைக் கணிப்பது பெரிய வித்தையில்லை. அடுத்த தீட்டு வரவேண்டிய தேதியிலிருந்து 14 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை தீட்டு வருகிறவருக்கு அது 14ஆம் நாள் வாக்கில் வரும். 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு 21ஆம் நாள் வாக்கில் போகும். எல்லோருக்கும் 14ஆம் நாள்தான் என்று நினைத்து ஏமாந்த தம்பதிகள் ஏராளம். அந்த நாட்களில் வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கருபோல வழுவழுப்பாக, இழுத்தால் நீளும் பதத்தில் இருக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் முட்டை வெளியேற்றப் பரிசோதனைப் பட்டையும் உதவும். எதுவும் முடியாவிட்டால், லீவு நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தாலே போதும். ‘சேமித்து வைத்தால்’ பலன் கூடும் என்று வாரக்கணக்கில் விலகியிருப்பது வீண். நாள் கூடினால் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறலாம், ஓட்டம் குறையும்.

லீவுத் தேதியை எது முடிவு செய்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். முதலாளியின் சம்மதம், விமான டிக்கெட் விலை, நோன்புப் பெருநாள், தம்பி தங்கையின் கல்யாணம். வந்து இறங்கியதும் விருந்து ஆரம்பிக்கும். பெரியம்மா வீடு, மாமி வீடு, சம்பந்தி வீடு என்று பிரியாணியும் தம்ரூட்டுமாகப் பத்து நாள் ஓடிவிடும். தம்பதிக்கென்று தனியறை இருந்தும் தனிமை இருக்காது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் பெயிண்ட், பத்திரப் பதிவு என்று நடுவில் ஒரு வாரம் தஞ்சாவூர், திருச்சி என்று அலைச்சல் வேறு. இவற்றில் எதையும் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடம் பிரிந்திருந்தவருக்குச் சுற்றமும் வேண்டும்தானே. ஆனால் 60 நாளில் கிடைப்பது இரண்டே இரண்டு ஆறு நாள் இடைவெளிதான் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால் அந்த நாட்களில் விருந்தைத் தள்ளிப் போட அவர்களே முன்வருவார்கள். புதுமணத் தம்பதியை ஆடி மாதத்தில் பிரித்து வைத்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வராது என்று கணக்குப் போட்ட மண் இது. பிரித்து வைக்கத் தெரிந்த கணக்கைச் சேர்த்து வைக்கவும் போடலாம்.

அந்தக் காலத்திலும் கப்பலேறிப் போய் வருடக்கணக்கில் வராமல் இருந்தார்களே, அப்போது வீட்டுக்கு எட்டும் பத்துமாகப் பிள்ளைகள் பிறக்கவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அன்றைய பெண்ணுக்குப் பதினைந்து பதினாறு வயதில் கல்யாணம் ஆனது. பிள்ளை பெறக்கூடிய வருடங்கள் இருபத்தைந்துக்கு மேல் அவளுக்கு முன்னால் இருந்தன. நடுவே ஐந்து வருடம் கணவன் இல்லாமல் போனாலும் மிச்சமிருந்த காலம் போதுமானதாக இருந்தது. இன்றைய பெண் படித்து முடித்து, இருபத்தைந்தை ஒட்டியோ தாண்டியோ மணம் செய்கிறாள். அது நல்ல மாற்றம். பின்னுக்குப் போகக் கூடாத மாற்றம். ஆனால் சினைமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் முப்பதுகளின் நடுவிலிருந்து வேகமாக இறங்குகின்றன என்பதால் பிரிவில் கழியும் ஒவ்வொரு வருடத்தின் விலையும் இன்று கூடிவிட்டது. இன்னொன்றும் உண்டு. பிள்ளை இல்லாத வீடுகள் அன்றும் இருந்தன. தத்தெடுத்த கதையாகவும் இரண்டாம் தாரம் வந்த கதையாகவும் அவை குடும்பத்துக்குள் அடங்கிப் போயின. பத்துப் பெற்ற பாட்டியை நினைவு வைத்திருக்கிறோம், பெறாத சின்னப்பாட்டியை மறந்துவிட்டோம்.

இனி பழக்கங்களுக்கு வருவோம். இதிலும் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆணின் விதைப்பையில் ஒரு உயிரணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகும். அதன்பின் முதிர்ந்து வெளியேற இன்னும் சில நாள். அதாவது லீவில் வந்து இறங்குகிறவரின் உடலில் அன்று இருக்கும் உயிரணுக்கள் மூன்று மாதத்துக்கு முன்பு, பாலைவன வெயிலிலும் சமையற்கட்டுச் சூட்டிலும் உருவாகத் தொடங்கியவை. ஊருக்கு வந்ததும் பேரீச்சம்பழமும் பாதாம்பாலும் கொடுத்து உடம்பைத் தேற்றினால், அதன் பலன் தெரியும் முன்பே அவர் திரும்பிப் போய்விடுவார். பழக்கத்தை மாற்றுவதென்றால் டிக்கெட் தேதிக்கு மூன்று மாதம் முன்பே, அங்கே இருக்கும்போதே மாற்ற வேண்டும். கடும் காய்ச்சல் வந்து போனாலும் இதே கணக்குதான். இரண்டு மூன்று மாதம் உயிரணு எண்ணிக்கை குறைந்து பிறகு தேறும்.

சூட்டை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டு வேலைகளில் அது நிறைய. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே அது உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் உயிரணு சரியாக உருவாகும் என்பதுதான். டென்மார்க்கில் 1992இல் வெல்டர்களை ஆராய்ந்தபோது அனல் வீச்சில் வேலை செய்கிறவர்களின் விந்துத் தரம் குறைந்திருந்தது. பிரான்சின் தூலூஸ் நகரில் கார் ஓட்டுகிறவர்களை வைத்துச் சோதித்து 2000இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு மணி நேரம் ஓட்டியபின் விதைப்பையின் வெப்பம் 2 டிகிரி அளவுக்கு ஏறியிருந்தது. அமெரிக்காவில் 656 ஆண்களிடம் எடுத்து 2018இல் வெளியான ஆய்வில், இறுக்கமான உள்ளாடை அணிந்தவர்களைவிடத் தளர்வானது அணிந்தவர்களுக்கு உயிரணு அடர்த்தி 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஓட்டுநரிடம் வேலையை விடச் சொல்ல முடியாது. ஆனால் மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்கலாம், ஜீன்ஸைத் தவிர்க்கலாம், மடிக்கணினியை மடியில் வைக்காமல் இருக்கலாம், அறைக்கு வந்ததும் கைலிக்கு மாறலாம். இவற்றுக்குக் காசு செலவில்லை.

புகையிலையைப் பற்றிச் சுற்றி வளைக்கத் தேவையில்லை. 20 ஆய்வுகளில் இடம்பெற்ற 5,865 ஆண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட மதிப்பீடு, புகைப்பவர்களுக்கு உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைவதைக் காட்டியது. பீடி சிகரெட் இல்லை, வாயில் அடக்குவதுதான் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வந்த 638 இந்திய ஆண்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வில், புகையிலை மெல்லும் அளவு கூடக்கூட விந்தின் தரம் இறங்கியது. புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது ஒன்று முதல் நான்கு வருடம் முந்துகிறது. வீட்டில் பிறர் விடும் புகையும் பெண்ணுக்குக் கேடுதான். மதுவும் அளவு மீறினால் ஆண் ஹார்மோனைக் குறைக்கும். காபியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் போதும். கும்பகோணம் டிகிரி காபியைத் துறக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ‘ஆண்மை’ வியாபாரத்தின் மீதுதான். லாட்ஜில் அறை எடுத்து இன்ன தேதியில் இன்ன ஊரில் என்று சுவரொட்டி ஒட்டும் வைத்தியர்கள், பெயர் தெரியாத லேகியம், ஜிம்மில் கைமாறும் ஊசி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றினால், போதுமான அளவு இருக்கிறது என்று எண்ணி மூளை விதைப்பைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. உயிரணு உற்பத்தி குறைந்து சிலருக்கு அடியோடு நின்றேவிடும். ஊசியை விட்டபின் தேற ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். தோளும் மார்பும் விரிந்த வாலிபனுக்குப் பரிசோதனையில் ஒரு உயிரணுகூட இல்லை என்று வருவது இதனால்தான். சத்து மாத்திரைகளும் பெரிதாக உதவுவதில்லை. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆணுக்குக் கொடுத்தால் பலன் உண்டா என்று அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துச் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். குழந்தை பிறப்பு கூடவில்லை. வயிற்று உபாதைதான் கூடியது. ஃபோலிக் அமிலம் மனைவிக்கு வேண்டும், அதுவும் கரு தங்குவதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் குறையில்லாமல் உருவாக அது துணை நிற்கிறது. கணவன் வருவதற்கு முந்தின மாதமே அதை ஆரம்பித்துவிடுவது நல்லது.

பெண்ணின் பக்கம் வாழ்க்கைமுறை நேரடியாகத் தொடும் இடம் உடல் எடையும் இன்சுலினும். 2015–16இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019–21இல் அது 40.4 சதவீதம். ஆண்களும் 28.2இலிருந்து 37 சதவீதத்துக்கு ஏறிவிட்டார்கள். நீர்க்கட்டி என்று மக்கள் சொல்லும் பிரச்சினை, உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இருக்கிறது. அவை உண்மையில் கட்டிகளே இல்லை. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் உயர்ந்திருந்தால் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது, முட்டை முழுதாக முதிராமல் நின்றுவிடுகிறது, தீட்டு தள்ளிப் போகிறது. இப்படிப்பட்டவர்கள் தங்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கும். 70 கிலோ எடையுள்ளவர் நாலைந்து கிலோ குறைத்தால் போதும். ஒல்லியாக வேண்டிய அவசியம் இல்லை. ஆணிடமும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் வேலையை அது செய்கிறது.

நெல்லறையான காவிரி டெல்டாவில் எடை பற்றிப் பேசினால் சோற்றைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, அழிந்துகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்த நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் புண்ணியத்தில் மாப்பிள்ளைச் சம்பா இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதைச் சாப்பிட்டால் ஆண்மை பெருகும் என்று சொல்லி விற்பதை ஏற்க முடியாது. ஆனால் தீட்டாத சிவப்பரிசியில் நார் இருக்கிறது, சர்க்கரை மெதுவாக ஏறுகிறது, சீக்கிரம் பசிக்காது. நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கும் தொப்பை விழுந்த ஆணுக்கும் அது நல்லது. தட்டில் மலைபோல் வெள்ளைச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிக் கீரையும் என்ற விகிதத்தை மாற்றுவதுதான் காரியம். சபுராளி வீட்டுப் பெண்ணுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வயல் வேலையிலிருந்து விடுபட்டு வந்த வசதியான வீடு அது. சாமான் வாங்கக்கூட ஆள் போய்விடும். தனியாக நடைப்பயிற்சிக்குப் போனால் நாலு பேர் பேசுவார்களோ என்ற தயக்கம். மொட்டை மாடியிலாவது நடக்கலாம். நான்கு பெண்கள் சேர்ந்து தெருவில் நடந்தால் இன்னும் நல்லது.

இங்கே ஒரு பலமான ஆட்சேபத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். நெதர்லாந்தில் அதிக எடையுள்ள, குழந்தைக்காக ஏங்கிய 577 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆறு மாதம் உணவு, உடற்பயிற்சித் திட்டம், பிறகுதான் சிகிச்சை. மற்றக் குழுவுக்கு உடனே சிகிச்சை. 2016இல் வெளியான முடிவு பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. குறைமாதமில்லாமல் சுகப்பிரசவத்தில் நலமான ஒற்றைக் குழந்தை என்ற அளவுகோலில், எடை குறைக்கச் சொன்ன குழுவில் 27.1 சதவீதம், உடனே சிகிச்சை பெற்ற குழுவில் 35.2 சதவீதம். அப்படியானால் பழக்கத்தை மாற்றி என்ன பயன் என்று கேட்கலாம். அதே ஆய்வின் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். சிகிச்சையே இல்லாமல் இயற்கையாகக் கரு தங்கியது முதல் குழுவில் 26.1 சதவீதம், இரண்டாவதில் 16.2 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புலப்படுவது இதுதான்: நல்ல பழக்கம் இயற்கைக்குக் கை கொடுக்கிறது, ஆனால் அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. “பத்துக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்” என்று முப்பத்தைந்து வயதுப் பெண்ணைத் திருப்பி அனுப்புவது அவளிடம் மிச்சமிருக்கும் காலத்தைப் பறிப்பதாகும். நடையும் நடக்கட்டும், பரிசோதனையும் நடக்கட்டும்.

“மனசை லேசா வச்சுக்க, தானா தங்கும்” என்ற அறிவுரையையும் இதோடு நிறுத்திவிடலாம். சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். கேட்கிறவளுக்கு அது, கவலைப்பட்டதால்தான் தங்கவில்லை, ஆகவே தப்பு உன்னுடையது என்று போய்ச் சேர்கிறது. செயற்கைக் கருத்தரிப்புக்கு வந்த 3,583 பெண்களைப் பற்றிய 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை, சிகிச்சைக்கு முன்னிருந்த மனக்கலக்கத்துக்கும் கரு தங்குவதற்கும் தொடர்பில்லை என்று கண்டது. குழந்தை இல்லாத கவலைக்கு ஆறுதல் தேவை. அந்தக் கவலையையே காரணமாக்குவது நியாயமில்லை.

வாழ்க்கைமுறைப் பேச்சு முழுவதுமே பெண்ணைக் குற்றவாளியாக்கும் இன்னொரு வழி என்று சில பெண்ணியர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மாமியார் சொன்னதை இப்போது யூடியூப் சொல்கிறது: குளிர்ந்ததைச் சாப்பிடாதே, ஓடாதே, குதிக்காதே. இதற்கு மாற்று மருந்து பழக்கங்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதில் இல்லை, அந்தப் பேச்சில் கணவனை உட்கார வைப்பதில்தான் இருக்கிறது. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதி ஜோடிகளிடம் ஆணின் காரணமும் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. அப்படியிருந்தும் மனைவிக்கு நாலைந்து ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, குழாய் அடைப்புக்கான எக்ஸ்ரே எல்லாம் முடிந்தபின்தான் கணவனின் விந்துப் பரிசோதனை நடக்கிறது. அதுவோ எல்லாவற்றிலும் எளிதானது, செலவு குறைந்தது, வலியே இல்லாதது. இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து, ஆய்வகம் கொடுக்கும் டப்பாவில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். கெட்டியாக இருப்பது அரை மணி வாக்கில் இளகும். ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நேர்கோட்டில் நீந்துவன, நின்ற இடத்திலேயே துடிப்பன, அசையாமல் கிடப்பன என்று பிரித்து எண்ணுவார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய கையேட்டின்படி மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் உயிரணு, முன்னேறி நீந்துபவை 30 சதவீதம், வடிவம் சரியானவை 4 சதவீதம் என்பவை கீழ் எல்லைகள். வடிவம் 4 சதவீதம்தான் என்ற அறிக்கையைப் பார்த்து இடிந்து போகிறவர்கள் இதை அறிய வேண்டும்: தந்தையான ஆண்களிடமும் பெரும்பாலான உயிரணுக்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கின்றன. ஒரு அறிக்கை சரியில்லாவிட்டால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று அரசு மருத்துவத்தின் கதவுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. கணவன் தான் வேலை பார்க்கும் நாட்டிலேயே லீவுக்கு முன் பரிசோதித்துக்கொண்டால் அந்த இரண்டு மாதத்தை ஆய்வக வாசலில் கழிக்க வேண்டியிருக்காது.

இறைவன் கொடுப்பதை நாள் கணக்கும் மாத்திரையுமா தீர்மானிக்கும் என்று கேட்கிறவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். பாபநாசம் அருகே திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சன்னிதியில் மந்திரித்த நெய்யை வாங்கிப் போய் 48 நாள் இரவில் உண்கிறார்கள். கணவன் மனைவி இருவருமே உண்ண வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். நாகூர் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் பிள்ளை வரம் கேட்டுப் போகிறார்கள். இருவராகச் சேர்ந்து போகும் இந்தப் பழக்கம் மருத்துவமனை வரைக்கும் நீண்டால் போதும்.

வெளிநாடு போகாமல் மண்ணிலேயே நிற்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 1977இல் கலிஃபோர்னியாவில் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் ஆண் தொழிலாளிகள், தங்களில் பலருக்கும் பிள்ளை இல்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்துதான் டிபிசிபி என்ற ரசாயனம் உயிரணு உற்பத்தியை அழிப்பது வெளிவந்தது. எல்லா மருந்தும் அப்படியில்லை. ஆனாலும் குறுவைக்கும் சம்பாவுக்கும் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் மருந்தைக் கலக்கி, காற்றுக்கு எதிரே நின்று அடிக்கிற இளைஞன் கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் அணிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குளித்துத் துணி மாற்ற வேண்டும். பிள்ளைக்காகக் காத்திருக்கும் மனைவி அந்தத் துணியைக் கையால் துவைக்கக் கூடாது.

கடைசியாக, எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது என்ற கேள்வி. மனைவிக்கு முப்பதுக்குள் வயது, தீட்டு ஒழுங்காக வருகிறது, கணவனின் பரிசோதனை சரியாக இருக்கிறது என்றால், சேர்ந்திருந்த மாதம் பன்னிரண்டு ஆகாதவரை யாரும் பதற வேண்டாம். வசதி இருப்பவர்கள் ஒரு வருடம் குடும்ப விசாவில் அழைத்துக்கொள்வது பல லட்ச ரூபாய்ச் சிகிச்சையைவிடப் பலன் தரலாம். மனைவிக்கு முப்பத்தைந்து நெருங்கினாலோ தீட்டு இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போனாலோ முன்பு அறுவைச் சிகிச்சையோ காசநோயோ வந்திருந்தாலோ அடுத்த லீவு வரை காத்திருப்பது தவறு. கணவன் இல்லாத மாதங்களிலேயே மனைவிக்கான பரிசோதனைகளை முடித்து வைக்கலாம். லீவு முடிந்து போகுமுன் கணவனின் விந்தைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்துவிட்டுப் போகும் வழியும் இருக்கிறது. அவர் தோஹாவில் இருக்கும்போதே இங்கே சிகிச்சை தொடரலாம். உதவிக் கருத்தரிப்புக்கென்று 2021இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், பதிவு பெற்ற மையத்தில்தான் இதைச் செய்ய வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்கிறது. பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பும் வைத்திருக்கிறது. படிவத்தில் கணவனின் கையெழுத்தும் வேண்டும் என்பதால், விமானம் ஏறும் வாரத்துக்கு முன்பே மையத்துக்கு இருவரும் ஒருமுறை போய் வந்துவிடுவது நல்லது.